பெயர் எழுதாத விடைத்தாள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் போனால் வரும். பிள்ளைகள் சிலேட்டை எச்சில் தொட்டு அழித்தால் வரும். குழம்பில் உப்பு தூக்கல் என்று என் வீட்டுக்காரர் சொல்லப் போகிறார் என்று தெரிந்தாலே வரும். ஆனால் முத்திரை போட்ட படிவம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், நான் பெட்டிப் பாம்பு. முப்பது வருஷத்துக்கு மேல் ஆசிரியையாக இருந்து நான் செய்த பாவங்களில் பெரும்பாலானவை கட்டம் போட்ட காகிதத்தில் பேனாவால் செய்தவை. அதில் ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். திருப்புல்லாணிப் பக்கம் கடலோரத்தில் பல வருஷம் வேலை பார்த்த என்னை அபிராமத்துக்கு அங்கிட்டு ஒரு தொடக்கப் பள்ளிக்கு மாற்றினார்கள். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஒன்று, இரண்டு, மூன்று என்னுடையவை. நான்கும் ஐந்தும் தலைமையாசிரியருடையவை. அவருக்கு ஓய்வு பெற ஒன்றரை வருஷம்தான் பாக்கி. அதுவரை தன் பெயரில் ஒரு விளக்கக் கடிதமும் போய்விடக் கூடாது என்பதுதான் அந்த மனிதருடைய ஒரே கல்விக் கொள்கை.

நான் போய்ச் சேர்ந்த மாதமே இராமநாதபுரத்தில் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி. பயிற்சி கொடுத்தவர் மைக்கைப் பிடித்ததும் சொன்னார்: "இனிமேல் நீங்கள் குழந்தையைப் பார்த்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. தரவைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்." தரவு என்ற சொல் எங்களில் பாதிப் பேருக்குப் புதுசு. புள்ளிவிவரம் என்று சொல்லியிருந்தால் பழகிய தலைவலி என்று தலையாட்டியிருப்போம். எங்கள் தலைமையாசிரியர் நோட்டில் 'தரகு' என்று எழுதிக்கொண்டார். கமுதிச் சந்தைக்கு மிளகாய் கொண்டுபோகிற ஊரில் தரகு என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் துண்டைப் போட்டு உட்கார்ந்துகொள்வது. வருஷம் முழுக்க அவர் "தரகு அனுப்பியாச்சா டீச்சர்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தேன். பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் அந்தக் காகிதம் வந்து உட்கார்ந்த பிறகு அவர் சொன்னதே சரியோ என்று தோன்றியது.

திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். அதன் உள்ளம் நல்ல உள்ளம்தான். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி பாடம் நடத்தினால் சில பிள்ளைகள் தேறும், சில தடுமாறும், ஒன்றிரண்டு அப்படியே விழுந்துவிடும். தேறுகிறவர்கள் பச்சை. தடுமாறுகிறவர்கள் மஞ்சள், அவர்களுக்குச் சின்னக் குழுவாக உட்காரவைத்துத் தனிப் பயிற்சி. விழுந்தவர்கள் சிவப்பு, அவர்களுக்கு ஆளுக்கு ஒரு ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். படிப்புக்கு ஒரு முக்கோணம், நடத்தைக்கு இன்னொரு முக்கோணம். இதில் தப்பு என்ன இருக்கிறது? பொது வகுப்பு நடத்துவதும், சின்னக் குழு நடத்துவதும், ஆளுக்கு ஒன்றாக உட்காருவதும் நான் ஒருத்தியேதான் என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது.

அந்த முக்கோணங்களைப் பெரிதாக வரைந்து சுவரில் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன். அடியில் அகலமாகப் பச்சை, நடுவில் மஞ்சள், உச்சியில் கூராகச் சிவப்பு. ஊர்ப் பிள்ளைகளுக்குக் கோபுரத்தைப் பார்த்துப் பழக்கம். கலசம் இருக்கிற இடத்தில் இருப்பவன்தானே பெரியவன்? சிவப்பில் வந்த மூன்றாம் வகுப்புப் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளியைச் சுற்றி வந்தார்கள். பச்சையில் கிடந்த கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் அழுதார்கள். நானும் எவ்வளவோ விளக்கினேன். கடைசி வரைக்கும் அவர்கள் நம்பவே இல்லை.

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, முன்பல் இரண்டும் விழுந்த வாய். கூலி வேலைக்குப் போகிற குடும்பம். வருகைப் பதிவில் அவள் பெயரைக் கூப்பிட்டால் அவள் ஜன்னலைப் பார்ப்பாள். பக்கத்துப் பிள்ளைகள்தான் "வந்துருக்கா டீச்சர்" என்று கத்துவார்கள். அவளை எல்லோரும் தாயி என்று கூப்பிட்டார்கள். அந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு தாயி உண்டு. எனக்கு முன்னால் இருந்த டீச்சரும் தாயி என்றே கூப்பிட்டு, முகத்தைப் பார்த்தே வருகை போட்டிருக்கிறார். நான் விடவில்லை. பதிவில் உள்ள பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்களே.

"உன் பேரு என்ன? சொல்லு பாப்போம்."

உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள். அடித்தாலும் திறக்காது என்பது போல ஒரு மூடல். அழவும் மாட்டாள். இரண்டு நிமிஷம் நான் மிரட்டிவிட்டு விட்டுவிடுவேன்.

நடத்தைப் படிவத்தில் முதல் மூன்று கேள்விகள் இவை: பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறாரா, தன் பெயரைச் சொல்கிறாரா, கேட்டதற்குப் பதில் சொல்கிறாரா. மூன்றிலும் 'இல்லை' போட்டேன். மூன்று இல்லை சேர்ந்தால் நடத்தை முக்கோணத்தில் சிவப்பு.

படிப்பு முக்கோணத்துக்குப் பொதுத் தேர்வு வைத்தார்கள். விடைத்தாளைக் கட்டிக் கமுதி வட்டார அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், அங்கே வேறு பள்ளி ஆசிரியர்கள் திருத்துவார்கள், மதிப்பெண் பட்டியல் கணினியில் அடித்து நமக்கு வரும். வந்தது. அவளுக்கு நேராகத் தமிழில் சுழி, கணக்கிலும் சுழி. விடைத்தாளில் பெயர் எழுதாத பிள்ளைகளுக்கு மதிப்பெண் ஏற்ற வழியில்லை, அதனால் சுழி போடப்பட்டது என்று பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததாம். பொடி எழுத்தை நான் படிக்கவில்லை. பெரிய எழுத்தில் இருந்த சுழியைத்தான் பார்த்தேன்.

இப்போது ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அவளுக்குக் கணக்கு வரும் என்று எனக்குத் தெரியும். முட்டை போடுகிற ஒரு நாளில் சத்துணவுக்கூடத்து வாசலில் நின்றுகொண்டு சமைக்கிற அம்மாளிடம் அவள் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்: "நாப்பத்தொரு பேரு வந்துருக்கோம். சட்டியில முப்பத்தெட்டு முட்டைதான் கிடக்கு. மூணு பேருக்கு இல்ல." சமையல்கார அம்மாள் எண்ணிப் பார்த்தார், சரியாக இருந்தது. நானும் சிரித்தேன். அதே நான், அடுத்த மாதம் அந்தச் சுழியைப் பார்த்துவிட்டு, சரி, முட்டையை எண்ணினால் போதுமா, பாடத்தில் வர வேண்டாமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அவளைச் சிவப்பில் ஏற்றினேன். கண்ணால் கண்டதைக் காகிதம் இல்லையென்று சொல்லிவிட்டது, நான் காகிதத்தின் பக்கம் சாய்ந்தேன்.

இரண்டு முக்கோணத்திலும் உச்சியில் வந்துவிட்டால் அந்தப் பிள்ளையின் பெயர் மூன்றாவது ஒரு பட்டியலுக்குப் போகும். மனவளர்ச்சியில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற பட்டியல். மேற்பார்வையாளர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். அவரும் ஆமாம் என்று எழுதிவிட்டால் பிள்ளையை இராமநாதபுரத்தில் உள்ள சிறப்பு வகுப்புக்கு அனுப்பச் சொல்வார்கள். அந்தப் பட்டியலைக் கமுதிக்கு அனுப்பிவிட்டு, தலைமையாசிரியர் டீக்கடையில் வைத்து அவளுடைய அய்யாவிடம், அந்தப் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் சொல்வார்கள், சேதியைச் சொல்லிவிட்டார். டீக்கடையில் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

அடுத்த நாள் அந்த மனிதர் பள்ளிக்கு வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"டவுனுக்கெல்லாம் அனுப்பிப் படிக்க வைக்க நம்மால ஏலாது டீச்சர். மூளை பத்தாத புள்ளைய இங்கன வச்சு உங்களுக்கும் எதுக்குத் தொந்தரவு? இந்த வருசத்தோட நிப்பாட்டிக்கிறேன். எந்தங்கச்சி வீட்ல ஆடு கிடக்கு. அங்கன போயி மேய்க்கட்டும். ஆடு மேய்க்க மூளை வேணாம்ல."

ஏழு வயசுப் பிள்ளை. மேற்பார்வையாளர் வந்து பார்க்கிற வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். "சரி, நீங்க சொல்றீக" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குரலில் கோபமே இல்லை, வானம் பொய்த்துவிட்டது என்று சொல்வது மாதிரிச் சொன்னார்.

மேற்பார்வையாளர் வருவதற்கு முன்னால் தாயிடம் விசாரித்து ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வரச் சொன்னேன். களையெடுப்பிலிருந்து நேராக வந்தாள் அந்த அம்மாள். பெஞ்சில் உட்காரச் சொன்னால் தரையில் உட்கார்ந்தாள். மகள் பக்கத்தில் வந்து ஒட்டி நின்றுகொண்டாள்.

"பிள்ளையோட பேரு?"

"பதிவுல இருக்குமே டீச்சர்."

"இருக்கு. நீங்க வாயால சொல்லணும்."

"இந்தா நிக்கிதே, இதுதான். தாயின்னுதான் கூப்புடுவோம்."

"பதிவுல என்ன பேரு குடுத்தீங்க?"

அந்த அம்மாள் தரையைப் பார்த்தாள். "அது அவுக பேராச்சே டீச்சர்" என்றாள்.

'தாய்க்குப் பிள்ளையின் பெயர் தெரியவில்லை' என்று எழுதினேன்.

"பிள்ளை தன் பேரைச் சொல்லுதா?"

"சொல்லாது டீச்சர். ஒரு நாளும் சொல்லாது. நல்ல புள்ள." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'இல்லை' போட்டேன்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பிப் பாக்குதா?"

"அந்தப் பேரைச் சொல்லி யாரு டீச்சர் கூப்புடப் போறா?"

அதற்கும் 'இல்லை' போட்டேன். இன்றைக்கு அந்தக் கேள்வி பதிலை எழுதும்போது, படிக்கிறவர்கள் என்னை மடச்சி என்று நினைப்பார்கள் என்று தெரிகிறது. நினைக்கட்டும். இத்தனைக்கும் நான் ஒன்றும் சீமையிலிருந்து வந்தவள் இல்லை. என் கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரரை "இந்தாங்க" என்பதைத் தவிர வேறு சொல்லால் கூப்பிட்டதில்லை. ஆனால் படிவத்தைக் கையில் பிடித்தால் நான் எந்த ஊர்க்காரியும் இல்லை.

கடைசியாகக் குடும்ப அட்டையின் நகல் வேண்டும் என்று இருந்தது. அட்டையைக் கொண்டு வந்திருந்தாள். பாலிதீன் பைக்குள் இருந்து எடுத்து விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தாள். "இந்தா டீச்சர். இதுதான் நீங்க கேட்ட பேரு." குனிந்து பார்த்தேன். மகளின் பெயர் கடைசி வரியில் இருந்தது. அதற்கு மூன்று வரி மேலே அதே பெயர் இன்னொரு தடவை இருந்தது. அதற்கு நேரே வயது அறுபத்தெட்டு. இறந்துபோனதால் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு அடித்திருந்தார்கள்.

மாமியாரின் பெயர். மருமகள் வாயால் சொல்ல மாட்டாள். பெற்ற தாயின் பெயரை மகன் சொல்ல மாட்டான். பெரியவர்கள் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள், வைத்த நாளில் ஐயர் பிள்ளையின் காதில் மூன்று தடவை ஓதியதோடு சரி, அதற்குப் பிறகு அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கப் போவதில்லை. அந்தப் பிள்ளைக்கு அது தன் பெயரே இல்லை. அது அப்பத்தாளின் பெயர். அந்தப் பெயரை வகுப்பு நடுவில் நின்று சத்தமாகச் சொல்லச் சொன்னேன், பாட்டியை மரியாதை இல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்ன மாதிரி. பிள்ளை வாயை மூடிக்கொண்டது. வளர்ப்பு அப்படி. நாங்கள் அதை நடத்தைக் கோளாறு என்று எழுதி, முத்திரை குத்தி, கமுதிக்கு அனுப்பிவிட்டோம்.

அந்த அம்மாள் போன பிறகு வகுப்புக்குப் போய், வாய் ஓயாத பையன் ஒருவனைப் பிடித்தேன். "ஏலே, இவ ஏன் பேரைச் சொல்ல மாட்டேங்கிறான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் டீச்சர். அது அவுக அப்பத்தா பேரு." வகுப்பே சேர்ந்து ஆமாம் போட்டது.

"அதை ஏன்டா இத்தன நாளா என்கிட்டச் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே டீச்சர்."

தலைமையாசிரியரிடம் ஓடினேன். பட்டியலைத் திருத்த வேண்டும், நாம் தப்புப் பண்ணிவிட்டோம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சர், போன தரகைத் திரும்ப வாங்க முடியாது. படிவத்தைப் பாருங்க. முன்னேற்றம் அப்படின்னு ஒரு கட்டம் இருக்கு. முன்னேற்றம் இல்லை அப்படின்னு ஒரு கட்டம் இருக்கு. ஆசிரியர் தவறு அப்படின்னு கட்டம் இருக்கா? இல்லையில்ல? அப்ப நம்ம தவறு பண்ணலை." மூன்று நாள் பயிற்சியில் இந்த அளவுக்குத் தெளிவாக யாரும் விளக்கவில்லை.

ஒரே வழிதான் இருந்தது. மேற்பார்வையாளர் வரும்போது தனக்குத் தன் பெயர் தெரியும் என்று அவள் காட்ட வேண்டும். அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். முதல் தடவையாக "தாயி" என்று கூப்பிட்டேன். உடனே திரும்பிப் பார்த்தாள்.

"பேரைச் சொன்னா என்ன ஆகும் தாயி?"

"அப்பத்தாளுக்குப் பொரை ஏறும்."

யாராவது நம்மை நினைத்தால், பெயரைச் சொன்னால், சாப்பிடும்போது நமக்குப் புரையேறும் என்பது எல்லா வீட்டிலும் சொல்வதுதான். செத்தவர்களுக்கும் ஏறும் என்று இவள் கணக்குப் போட்டிருக்கிறாள். "இங்கன இருந்தாகன்னா தலையில தட்டித் தண்ணி குடுக்கலாம். மேல யாரு டீச்சர் குடுப்பா?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. இந்தப் பிள்ளைக்குத்தான் மூளை பத்தாது என்று எழுதியிருக்கிறேன்.

"சரி, சொல்ல வேணாம். எழுதுவியா?"

யோசித்தாள். "எழுதுனாப் பொரை ஏறாதா?"

"ஏறாது."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுக்காரர் பேரை நான் வாயால சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பாரத்துல இந்தப் பாரத்துலன்னு மாசத்துக்கு நாலு தடவை எழுதுறேன். அவருக்கு ஒரு தடவைகூடப் பொரை ஏறினதில்லை."

அவள் அதை மனசுக்குள் எடைபோட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்ப எழுதலாம்" என்றாள். நடந்ததைக் கேட்டு, விசாரித்து, அதை வைத்து முடிவெடுத்த ஒரே ஆள் அந்த வட்டாரத்திலேயே அவள்தான்.

சிலேட்டில் எழுதினாள். தப்பே இல்லாமல், இரண்டு சுழி மூன்று சுழி மாறாமல் எழுதினாள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு சிக்கல். அப்பத்தா பெயரை எச்சில் தொட்டு அழிக்க முடியுமா? ஈரத் துணியால் துடைத்தாலும் துடைத்ததுதானே? சிலேட்டைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு மூன்று நாள் கணக்கே போடாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் நான் ஒரு தாளைக் கொடுத்து, இதில் எழுதினால் யாரும் அழிக்க மாட்டார்கள், பத்திரமாக பைலில் வைப்போம் என்று சத்தியம் பண்ண வேண்டியிருந்தது.

மேற்பார்வையாளர் வந்தார். பொல்லாதவர் இல்லை. ஒரு நாளைக்கு ஆறு பள்ளி பார்க்க வேண்டிய மனிதர், மோட்டார் சைக்கிளில் புழுதி குடித்துக்கொண்டு வந்திருந்தார். தண்ணீர் குடித்துவிட்டு அவளைக் கூப்பிட்டு, "உன் பேரு என்னம்மா?" என்றார். உதடு மூடிக்கொண்டது.

"எழுதுவா சார்" என்று தாளை நீட்டினேன். அவர் முன்னாலேயே எழுதினாள். அவர் பார்த்தார். படிவத்தையும் பார்த்தார்.

"இதுல 'தன் பெயரைச் சொல்கிறார்'னுதான் டீச்சர் இருக்கு. 'எழுதுகிறார்'னு இல்லையே."

தலைமையாசிரியர் உதவிக்கு வந்தார். "பின்பக்கம் இருக்கு சார். வாய் பேச முடியாத பிள்ளைகளுக்கு, 'பெயரை எழுதுகிறார்'னு தனியா ஒரு கட்டம்." மேற்பார்வையாளர் பக்கத்தைத் திருப்பி அந்தக் கட்டத்தை நிஜமாகவே பார்த்தார். பேனாவும் அதன் பக்கம் போனது. ஒரு நிமிஷத்தில் பிள்ளையை ஊமையாக்கியிருப்பார்கள்.

அதுவரை படிவத்தின் மேல் வராத என் கோபம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தது.

"சார், உங்க வீட்டம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

அவர் திகைத்தார். "அதுக்கென்ன டீச்சர் இப்ப?"

"சொல்லுங்க சார். பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்களா?"

"எங்கிட்டுக் கூப்பிடறது. 'ஏங்க'ம்பா. இல்லாட்டிப் பையன் பேரைச் சொல்லி 'அவங்கப்பா'ம்பா."

"உங்க பேரு அவங்களுக்குத் தெரியுமா தெரியாதா? கேட்டாச் சொல்ல மாட்டாங்க. அப்ப உங்க வீட்டம்மாவும் சிவப்புதான் சார். நானும் சிவப்புதான். இவ அம்மாவும் சிவப்பு. எல்லாரையும் ஒரு வேன் பிடிச்சு இராமநாதபுரத்துக்கு அனுப்பிருங்க."

தலைமையாசிரியரின் முகத்தில் அவருடைய பென்ஷன் பறந்து போவது தெரிந்தது. மேற்பார்வையாளர் பேனாவை மூடினார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கணக்கு நாலு கொடுத்தார், அவள் நாலையும் போட்டாள். ஒரு கதை வாசிக்கச் சொன்னார், முன்பல் இல்லாத வாயால் கடகடவென்று வாசித்தாள். அவர் பேனாவைத் திறந்து 'குறிப்பிடத்தக்க முன்னேற்றம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முன்னேற்றம் இல்லை சார், முதலிலேயே இப்படித்தான் இருந்தாள் என்றேன். "அதுக்குக் கட்டம் இல்லையே டீச்சர்" என்றார் பாவமாக. சிவப்பிலிருந்து ஒரே தாவலில் பச்சைக்குப் போகவும் விதியில்லையாம். மஞ்சளில் போட்டார். அதனால் அடுத்த பருவம் முழுக்க, நாலு கணக்கையும் போட்ட பிள்ளைக்கு ஒற்றை இலக்கக் கூட்டல் சொல்லித் தருவதாக நான் நோட்டில் எழுதி வந்தேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கமுதியில் நடந்த கூட்டத்தில் எங்கள் பள்ளியை எழுந்து நிற்கச் சொன்னார்கள். மூன்றே மாதத்தில் ஒரு பிள்ளையின் இரண்டு சிவப்பையும் மஞ்சளாக்கிய சாதனையாம். கை தட்டினார்கள். எப்படிச் செய்தீர்கள் என்று நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். உண்மையைச் சொல்லத்தான் எழுந்தேன். அத்தனை பேரும் கை தட்டிக்கொண்டே இருந்தார்கள், தலைமையாசிரியர் என் புடவை முந்தானையைக் கீழே இருந்து இழுத்தார், மேடையில் இருந்தவர்கள் சிரித்த முகமாகப் பார்த்தார்கள். "ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியாகக் கவனித்தோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஆடு மேய்க்க அனுப்புவதை அய்யா விட்டுவிட்டார் என்று மட்டும் கேள்விப்பட்டேன். அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து, மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில், தாய் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். முந்தானையில் முடிந்து கொஞ்சம் வற்றல் மிளகாய் கொண்டு வந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எம் புள்ளைக்கு மூளை வந்துருச்சாம்ல டீச்சர். பெரிய சார் டீக்கடையில சொன்னாகளாம்."

நான் வாயெடுப்பதற்குள் அவளே பேசினாள்.

"அது முன்னாடியும் எதாச்சும் சொல்லும் டீச்சர். களை எடுக்க எத்தனை ஆளு வந்தாக, எத்தனை பாத்தி முடிஞ்சிருக்கு, இன்னும் எத்தனை நாளாகும்னு வரப்புல நின்னுக்கிட்டே சொல்லும். சரியாவும் இருக்கும். நான்தான் நம்பலை. பள்ளிக்கூடத்துலயே எழுதிக் குடுத்துட்டாகளே, படிக்காத சிறுக்கி நான் என்னத்தக் கண்டேன்னு இருந்துட்டேன். நாலு பேரு முன்னாடி அது வாயத் தொறந்தாலே கையை வச்சுப் பொத்திருவேன். பேசாம இரு தாயி, சிரிப்பாகன்னு. மூணு மாசமா அது வீட்லயும் பேசுறதில்லை. இனிமே பேசலாம்ல டீச்சர்?"

"அவளுக்கு எப்பவுமே இருந்துச்சும்மா" என்றேன். "ஒண்ணும் புதுசா வரலை. தப்பு எங்க மேல. நான்தான் தப்பா எழுதிட்டேன். உங்க கண்ணுக்குத் தெரிஞ்சதுதான் சரி."

அந்த அம்மாள் நம்பவே இல்லை. "நீங்க பெரிய மனசுல அப்படித்தான் சொல்லுவீக" என்று சிரித்தாள். மகளின் பிடரியில் கையை வைத்து முன்னால் தள்ளினாள். "டீச்சர் கால்ல விழுந்து கும்புட்டுக்க தாயி."

அவள் அசையவில்லை. என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"எதுக்கும்மா?" என்று கேட்டாள்.

அம்மா அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். பிள்ளை குனிந்து என் காலைத் தொட்டாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலைக்கூடப் பின்னால் இழுத்துக்கொள்ளவில்லை.